இழை பல, ஒளி ஒன்று



ஓர் அறையில் ஒரு விளக்கு எரிகிறது. அதன் அருகில் அதைப் போன்ற மற்றொரு விளக்கை ஏற்றி வைத்தால் வெளிச்சம் இரு மடங்காகும். பத்து விளக்குகளை ஏற்றினால் பத்து மடங்காகும். இதில் வியப்பு ஒன்றும் இல்லை. ஆனால், ஒருவகை ஒளியை எடுத்துக்கொண்டு இதே காரியத்தைச் செய்தால், விளைவு வேறுவிதமாக அமைகிறது. அத்தகைய ஒளிக்கற்றைகள் பத்து ஒன்றுசேரும்போது, ஓரிடத்தில் நூறு மடங்கு ஒளி உண்டாகலாம். அவையே சேர்ந்து மற்றோரிடத்தில் இருளையும் உண்டாக்கலாம். ஒளி விளைவதும் இருள் விளைவதும் அந்தப் பத்துக் கற்றைகளும் தமக்குள் எவ்வளவு ஒத்துப் போகின்றன என்பதைப் பொறுத்தவை. அந்த ஒற்றுமையை உண்டாக்குவது எப்படி, உண்டாக்கிய பின் அதைக் காப்பது எப்படி என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

நான் குறிப்பிட்ட அந்த ஒளிக்கு லேசர் என்று பெயர். 1960-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து மாலிபு என்னும் ஊரில், தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி கெம்புக் கல் ஒன்றைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். விளக்கின் ஒளிக்கும் லேசர் ஒளிக்கும் என்ன வேறுபாடு? ஒளி என்பது அலை. விளக்கிலிருந்து வரும் அலைகள் திருவிழாக் கூட்டத்தைப் போன்றவை. ஒவ்வொன்றும் தன் போக்கில் செல்லும். லேசர் அலைகளோ, அணிவகுத்துச் செல்லும் படை வீரர்களைப் போன்றவை. எல்லாருடைய காலடியும் ஒரே நீளம்; எல்லாரும் ஒரே நேரத்தில் அடி எடுத்து வைக்கின்றனர்.

அலை ஒன்று மேலே எழும், பிறகு கீழே தாழும், மீண்டும் எழும். ஒரு குறித்த கணத்தில் அது எழுச்சியின் எந்தப் படியில் இருக்கிறது என்பதை அலையின் 'கட்டம்' என்று கூறுவர். இரண்டு அலைகள் ஒரே கட்டத்தில் இருந்தால், ஒன்றன் முகடு மற்றதன் முகட்டோடு பொருந்தும். ஒன்றன் முகடும் மற்றதன் அகடும் சந்தித்தால், ஒன்றை ஒன்று அழித்துவிடும். இந்த உண்மையை ஒளியில் நிலைநாட்டியவர் தாமஸ் யங் என்ற ஆங்கிலேய அறிஞர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் செய்த ஆராய்ச்சிகளைக் கல்லூரி மாணவர்கள் தம் பாடப் புத்தகத்தில் படித்திருப்பார்கள்.

இனி ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒளியின் பிரகாசம் அலையின் உயரத்தைப் பொறுத்தது அன்று. அந்த உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரே கட்டத்தில் உள்ள இரண்டு அலைகள் சேர்ந்தால் உயரம் இரு மடங்கு. ஆகவே பிரகாசம் நான்கு மடங்கு. பத்து அலைகள் சேர்ந்தால் உயரம் பத்து மடங்கு. பிரகாசமோ நூறு மடங்கு. தொடக்கத்தில் நான் சொன்ன நூறு மடங்கு இதுதான்.

இந்த இடத்திற்கு வந்ததும், கூர்மையான மாணவர் எவரும் எழுந்து, "ஐயா, பத்து லேசர்களுக்குச் செலவழித்த சக்தி பத்துப் பங்குதானே? நூறு பங்கு எங்கிருந்து வந்தது? சக்தி அழியாது, புதிதாகத் தோன்றாது என்று கற்பித்தீர்களே!" என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும். கேளாமல் நூறு என்று எழுதிக்கொள்ளும் மாணவரைவிட, கேட்டுவிட்டு எழுத மறுக்கும் மாணவரே விஞ்ஞானத்துக்கு வேண்டியவர்.

விடை இதுதான். பத்துக் கற்றைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கித் தொலைவில் உள்ள ஒரு திரையின்மேல் விழச் செய்வோம். அவை ஒத்திசைவின்றி விழுந்தால், ஒரு கற்றை விழும் அதே அகலமான வட்டத்தில் பத்து மடங்கு வெளிச்சம் உண்டாகும். ஒத்திசைவுடன் விழுந்தால், நடுவிலுள்ள ஒரு சிறு பகுதி நூறு மடங்கு பிரகாசம் பெறும். ஆனால் அந்தப் பகுதியின் பரப்பு, முந்தைய வட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். சுற்றியுள்ள இடங்கள் இருளடையும். அந்த இருண்ட இடங்கள் இழந்த ஒளியே நடுவில் குவிந்துள்ளது. நூற்றைப் பத்தால் வகுத்தால் பத்து. செலவும் பத்து, வரவும் பத்து, கணக்கு நேராகிறது. ஆகவே ஒத்திசைவு சக்தியைப் பெருக்குவதில்லை. சக்தி சிதறாமல், வேண்டிய இடத்துக்கு அதைக் கொண்டு சேர்க்கிறது.

இவ்வளவு தொல்லைப்பட்டுப் பல லேசர்களைச் சேர்ப்பதைவிட, பெரிய லேசர் ஒன்றைச் செய்துவிடலாகாதா? இந்தக் கேள்விக்கு விடை காண, நாம் கண்ணாடி இழைகளைப் பற்றிச் சிறிது அறிய வேண்டும்.

தலைமயிர் போன்ற மெல்லிய கண்ணாடி இழையின் ஒரு முனையில் புகுந்த ஒளி, இழை வளைந்தாலும் அதனுள்ளேயே தங்கி, மறு முனையில் வெளிவருகிறது. பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி என்ற இந்திய விஞ்ஞானி, லண்டனில் ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, இழைக் கற்றையின் வழியே உருவங்களை அனுப்பிக் காட்டி, 1954-ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதினார். அதன் பின், எலியாஸ் ஸ்னிட்ஸர் என்ற அமெரிக்கர் கண்ணாடியில் நியோடிமியம் என்னும் அருமண் உலோகத்தைச் சிறிதளவு கலந்து, 1961-ஆம் ஆண்டில் அதை லேசராக இயக்கினார். 1964-ஆம் ஆண்டில் அவரும் கோஸ்டர் என்பவரும், அத்தகைய இழை ஒன்று தன்னுள் நுழையும் மெல்லிய ஒளியைப் பன்மடங்கு பெருக்கி வெளிவிடுவதைக் காட்டினர். உங்கள் வானொலிப் பெட்டியில் ஒரு பெருக்கி, மெல்லிய மின்னலையை வாங்கி உரத்த ஒலிக்கு ஏற்றதாக்குகிறது அல்லவா? அதைப் போல, இந்த இழை ஒளிக்குப் பெருக்கி.

இன்று வல்லமை மிக்க இழைப் பெருக்கிகளில் பெரும்பாலும் இட்டெர்பியம் என்னும் மற்றோர் அருமண் உலோகத்தைக் கலக்கின்றனர். சிறு குறைகடத்தி லேசர்களின் ஒளியை இழையினுள் செலுத்தினால், இட்டெர்பியம் அணுக்கள் அந்தச் சக்தியை ஏற்றுக்கொண்டு, தம்மைக் கடந்து செல்லும் லேசர் அலைக்கு அதை அளிக்கின்றன. அந்த அலையின் நீளம் ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளி அது. இழை நீளமாகவும் மெல்லியதாகவும் இருப்பதால், அதில் தோன்றும் வெப்பம் எளிதில் வெளியேறும். ஒளி இழையின் மெல்லிய உள்ளகத்தின் வழியே மட்டும் செல்வதால், கற்றை கோணாமல் செம்மையாக வெளிவரும்.

இத்தனை நற்குணங்கள் இருந்தும், ஒற்றை இழைக்கு எல்லை உண்டு. நற்குணத்தைத் தந்த மெல்லிய வடிவமே அந்த எல்லையையும் விதிக்கிறது. சில நூறு வாட், சில ஆயிரம் வாட் ஒளியை இத்தனை சிறிய வழியில் நெருக்கினால், கண்ணாடி பொறுமை இழக்கிறது. இங்கே நமக்கு மிகவும் தெரிந்த பெயர் ஒன்று வருகிறது. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் பிறந்த சர் சி. வி. ராமன், 1928-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் கல்கத்தாவில் கண்டறிந்த ஒளிச் சிதறல், சாதாரண நிலைமைகளில் மிக மெலிந்தது. ஆனால், ஒளி நெருக்கம் மிகுந்த இழையினுள் அது தன்னைத் தானே வளர்த்துக்கொண்டு, லேசர் ஒளியின் பெரும் பகுதியை வேறு நிறத்துக்கு மாற்றிவிடும். பிரில்லூவன் என்ற பிரெஞ்சு அறிஞர் பெயரால் வழங்கும் மற்றொரு சிதறலில், ஒளி தானே இழையினுள் ஒலியலையை எழுப்பி, அதில் மோதித் திரும்பி வருகிறது. ஒற்றை நிறத் தூய்மை மிகுந்த ஒளிக்கு இந்தத் தொல்லை மிகுதி. 2010-ஆம் ஆண்டை ஒட்டி மூன்றாவது இடையூறு ஒன்றும் தெரியவந்தது. வல்லமை ஓர் அளவைக் கடந்தவுடன், இழையில் தோன்றும் வெப்பத்தின் காரணமாக, அதுவரை அமைதியாக இருந்த கற்றை அலைக்கழிந்து வடிவம் குலைகிறது.

இந்த எல்லைகளையெல்லாம் ஒருங்கே கணக்கிட்டு, அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆராய்ச்சிக் கூடத்தார் 2008-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். கற்றையின் செம்மை கெடாமல் ஒற்றை இழையிலிருந்து பெறக்கூடிய வல்லமை ஏறக்குறைய 36 கிலோவாட்டுக்கு மேல் செல்லாது என்பதே அது. ஒற்றை நிறத் தூய்மையும் வேண்டுமென்றால் எல்லை இன்னும் வெகுவாகக் குறைகிறது. எனவேதான், ஒன்றைப் பெரிதாக்குவதை விட்டுப் பலவற்றை ஒன்றாக்கும் வழியை விஞ்ஞானிகள் நாடினர். ஊர் கூடித் தேர் இழுப்பதைப் போன்றது இது. நூறு பேர் வடத்தைப் பற்றினால் மட்டும் தேர் நகராது. நூறு பேரும் ஒரே நொடியில் இழுக்க வேண்டும்.

ஒரே நொடியில் இழுக்கச் செய்வது எப்படி? முதலில், எல்லாக் கற்றைகளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும். தனித்தனியே இயங்கும் லேசர்கள் எவ்வளவு ஒத்தவையாக இருந்தாலும், அவற்றின் அலைகள் விரைவில் ஒன்றை விட்டு ஒன்று விலகிவிடும். ஆகவே, வல்லமை குறைந்த, ஆனால் மிகச் செம்மையான ஒரு லேசரை எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு விதை லேசர் என்று பெயர். அதன் ஒளியைப் பல கிளைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கிளையையும் ஓர் இழைப் பெருக்கிக்குள் செலுத்துகிறார்கள். பெருக்கியைவிட்டு வெளிவரும் கற்றைகளை மீண்டும் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். பிரித்தல், பெருக்கல், கூட்டல் என்று மூன்றே செயல்கள்.

சொல்வதற்கு எளிது, ஆனால், கிளைகள் தனித்தனி வழியே செல்லும்போது ஒற்றுமை குலைந்துவிடுகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள இழை ஒரு பாகை அளவு சூடேறினால் போதும், அதன் வழியே செல்லும் ஒளி ஏறக்குறைய பத்து அலைகள் பின்தங்கிவிடும். பெருக்கியோ பல பாகை சூடேறுவது. அறையில் ஒரு மின்விசிறி சுழன்றாலும், ஒருவர் நடந்தாலும், இழைகள் நடுங்கி அலைகளின் கட்டம் மாறும். இழப்பு பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாதென்றால், கட்டங்களின் பிழை சராசரியாக ஓர் அலையில் இருபதில் ஒரு பங்குக்குள் அடங்க வேண்டும். அது தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு! பிழை அலையில் பத்தில் ஒரு பங்காக வளர்ந்தால், நடுவில் குவிய வேண்டிய ஒளியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். கட்டங்கள் முற்றிலும் தாறுமாறாகிவிட்டால், நூறு மடங்கு வெறும் பத்து மடங்கு ஆகிவிடும். விளக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த கதைதான்.

வானொலி அலைகளில் இந்தக் கலை பழைமையானது. திருப்பதிக்கு அருகே கடங்கி என்னும் ஊரில் மேல்வானத்தை ஆராய்வதற்காக அமைந்துள்ள ரேடாரில் 1,024 வானலை வாங்கிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றின் அலைகள் ஒரே கட்டத்தில் எழுந்து, ஒரே கற்றையாக வானை நோக்கிச் செல்கின்றன. ஆனால் அந்த அலையின் நீளம் ஐந்தரை மீட்டருக்கு மேல். இருபதில் ஒரு பங்கு என்றால், ஒரு சாணை விடச் சற்று அதிகம். அளவுகோலை வைத்து அளந்து சரிசெய்துவிடலாம். ஒளி அலையோ அதைவிட ஐம்பது லட்சம் மடங்குக்கும் மேல் சிறியது. விநாடிக்கு முந்நூறு லட்சம் கோடி முறை அதிர்வது. அதை அளவுகோலால் சரிசெய்ய முடியாது. ஒரு முறை சரிசெய்து விட்டுவிடவும் முடியாது.

ஆகவே விஞ்ஞானிகள், இடைவிடாமல் கண்காணித்து இடைவிடாமல் திருத்தும் முறையைக் கையாண்டனர். ஒவ்வொரு கிளையிலும் பெருக்கிக்கு முன்பாக, லிதியம் நையோபேட் என்ற படிகத்தாலான ஒரு சிறு கருவி இருக்கிறது. அதில் மின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால், ஒளி செல்லும் வேகம் சிறிது மாறி, கட்டம் முன்பின்னாக நகரும். சேர்ந்த ஒளியின் சிறு பகுதி ஓர் ஒளியுணர் கருவியின்மேல் விழுகிறது. அது கூறும் செய்தியைக் கொண்டு, எந்தக் கிளையை எவ்வளவு நகர்த்துவது என்று மின்னணுச் சாதனம் முடிவு செய்கிறது. இந்தத் திருத்தம் ஒரு விநாடிக்குள் பல்லாயிரம் முறை நடைபெறுகிறது.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. உணர்கருவிக்குக் கிடைப்பது மொத்த ஒளி மட்டுமே. அதில் எந்த இழை பிசகியது என்று கண்டுகொள்வது எப்படி? இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழி, இருளில் மலையேறுபவன் செய்வது. அவன் காலை ஒரு பக்கம் வைத்துப் பார்க்கிறான். மேடாக இருந்தால் அப்பக்கமே செல்கிறான். பள்ளமாக இருந்தால் மறுபக்கம் திரும்புகிறான். அவ்வாறே, எல்லா இழைகளின் கட்டங்களையும் சிறிதளவு, மனம் போனபடி மாற்றிப் பார்ப்பார்கள். மொத்த ஒளி கூடினால் அந்தத் திசையிலும், குறைந்தால் எதிர்த் திசையிலும் அடுத்த அடியை வைப்பார்கள். விரைவில் சிகரத்தை அடையலாம். ஆனால் இழைகளின் தொகை பெருகப் பெருக, அடிகளும் பெருகும்.

இரண்டாவது வழியை 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க விமானப்படை ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த தாமஸ் ஷே விளக்கினார். பஜனைக் கூட்டத்தில் பலர் சேர்ந்து பாடினாலும், பழகிய செவி ஒவ்வொருவர் குரலையும் பிரித்து அறியும் அல்லவா? அவ்வாறு பிரித்து அறிவதற்காக, ஒவ்வொரு இழைக்கும் ஒரு தனிக் குரலை அவர் அமைத்தார். ஒவ்வொரு கிளையின் கட்டத்தையும் மிகச் சிறிய அளவில், ஒவ்வொன்றுக்கும் உரிய தனித்த வேகத்தில் நடுங்கச் செய்தார். உணர்கருவி ஒன்றே ஒன்றுதான். ஆயினும், அதன் மின்குறியில் எந்த நடுக்கம் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதைப் பார்த்து, எந்த இழை எத்தனை பிசகியுள்ளது என்பதைத் தனித்தனியே கூறிவிடலாம். வானொலிப் பெட்டியில் குமிழைத் திருப்பி, நிலையங்கள் பலவற்றுள் வேண்டிய ஒன்றை நாம் பிரித்து எடுக்கிறோம். இதுவும் அதே உபாயமே.

கற்றைகளை ஒன்றுசேர்ப்பதிலும் இரு முறைகள் உண்டு. ஒன்று, தரையில் ஓடு பதிப்பதைப் போல, கற்றைகளைப் பக்கம் பக்கமாக நிறுத்தி, தொலைவில் அவை கலக்கும்படி விடுவது. இதில் கற்றைகளுக்கு இடையே உள்ள இடைவெளிகளால், ஒளியின் ஒரு பகுதி நடுவை விட்டு ஓரங்களுக்குப் போய்விடும். மற்றொன்று, எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்துவது. விழும் ஒளியில் பாதியை உள்ளே விட்டுப் பாதியைத் திருப்பும் கண்ணாடி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரு புறங்களிலிருந்தும் இரு கற்றைகள் வருகின்றன. அவற்றின் கட்டங்கள் பொருத்தமாக இருந்தால், ஒளி முழுவதும் ஒரு வழியாகவே வெளியேறும், மறுவழி இருண்டிருக்கும். அந்த இருள் கலையாதபடி பார்த்துக்கொள்வதே கண்காணிப்பின் வேலை.

இந்த முயற்சிகள் பலன் அளித்துள்ளன. அமெரிக்காவில் லிங்கன் ஆராய்ச்சிக் கூடத்தார், ஒவ்வொன்றும் அரைக் கிலோவாட் வல்லமையுள்ள எட்டு இழைப் பெருக்கிகளைப் பக்கம் பக்கமாக அடுக்கி, மொத்தம் 4 கிலோவாட் ஒளியை நூற்றுக்கு 78 பங்கு திறனுடன் ஒருங்கிணைத்ததாக 2011-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அதே ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் 64 இழைகளை ஒரே கட்டத்தில் நிறுத்திக் காட்டினர். 2020-ஆம் ஆண்டில் பிரான்சிலேயே, 61 இழைப் பெருக்கிகளை அறுகோண வடிவில் அடுக்கி, மிக மிகக் குறுகிய ஒளித் துடிப்புகளை ஒன்றுசேர்த்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் ஜேனா நகரத்து ஆராய்ச்சியாளர்கள், பன்னிரண்டு பெருக்கிகளின் ஒளியை ஒரே கற்றையாக்கி, 10.4 கிலோவாட் வல்லமையை அடைந்தனர். அந்தக் கற்றையில் ஒவ்வொரு துடிப்பும் ஒரு விநாடியைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஏறக்குறைய இருபத்தைந்து பங்கு நேரமே நீடிப்பது. அத்தகைய துடிப்புகளைச் சேர்ப்பதற்குக் கட்டம் மட்டும் பொருந்தினால் போதாது. துடிப்புகள் வந்து சேரும் நேரமும் பொருந்த வேண்டும். பன்னிரண்டு வழிகளின் நீளங்களும், பல மீட்டர் தூரத்தில், மயிரிழையும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும்.

இவற்றால் பயன் என்ன? பெரு வல்லமை கொண்ட லேசர் துடிப்பை வாயுவினுள் செலுத்தினால், அதன் பின்னே எழும் மின்னலை, எலெக்ட்ரான்களை மிகக் குறுகிய தூரத்தில் மிகுந்த வேகத்துக்கு முடுக்கிவிடும். இதை 1979-ஆம் ஆண்டில் தஜிமாவும் டாஸனும் எடுத்துரைத்தனர். துகள்களை முடுக்கும் கருவிகள் இன்று நீண்ட கட்டடங்களில் அமைந்துள்ளன. அவற்றைச் சுருக்க முடிந்தால், ஆராய்ச்சிக்கும் மருத்துவத்துக்கும் பெரிய உதவியாகும். ஆனால், அதற்கு உதவும் பெரிய லேசர்கள் ஒரு முறை சுட்டபின் ஆறுவதற்கு நேரம் கேட்கின்றன. விநாடிக்குப் பல்லாயிரம் முறை சுட வேண்டும். மின்சாரத்தையும் வீணாக்கக் கூடாது. இதற்கு ஆயிரக்கணக்கான இழைகளை ஒன்றுசேர்ப்பதே வழி என்று, 2018-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு விஞ்ஞானி ஜெரார் மூரூவும் அவருடைய கூட்டாளிகளும் 2013-ஆம் ஆண்டிலேயே எழுதினர். பதினாயிரம் இழைகள் வேண்டியிருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அறுபத்து நான்கிலிருந்து பதினாயிரத்துக்குச் செல்லும் வழி நெடியது.

இதே கலை போர்க்கருவிக்கும் உதவும் என்பதை மாணவர்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. தொலைவில் உள்ள சிறு இடத்தில் ஒளியைக் குவிக்கும் ஆற்றல், உலோகத்தைப் பற்றவைக்கும் தொழிலாளிக்கும் வேண்டும். பகை விமானத்தை எரிக்க நினைக்கும் படைத்தலைவனுக்கும் வேண்டும். நான் மேலே கூறிய தனிக்குரல் முறை பிறந்ததே ஒரு விமானப்படையின் ஆராய்ச்சிக் கூடத்தில்தான். கருவிக்குத் தன் பயன் தெரியாது. அதை எதற்குப் பயன்படுத்துவது என்று முடிவு செய்யும் இடத்தில் நாளை நீங்களே இருக்கலாம்.

முடிவாக ஒன்று சொல்லி அமைகிறேன். நல்ல கருவிகளைச் செய்து முறையாகப் பொருத்திவிட்டால் அவை தாமே ஒத்துப் போகும் என்று நாம் நினைக்கிறோம். இந்த இழைகள் அப்படி நடப்பதில்லை. ஒரே ஒளியிலிருந்து பிரிந்தவையாயினும், சற்றே கவனம் தவறினால் ஒவ்வொன்றும் தன் வழியே விலகிவிடும். விலகியதை அக்கணமே கண்டு, அக்கணமே திருத்திக்கொண்டே இருந்தால்தான் பத்து நூறாகும். கல்லூரியில் குறுக்கீட்டு விளைவைப் படிக்கும் மாணவர்கள், யங் கண்ட ஒளிக் கோடுகளையும் இருட்கோடுகளையும் வரைந்து மதிப்பெண் பெற்றதோடு நின்றுவிடாமல், இருட்கோட்டின் ஒளி எங்கே போயிற்று என்று ஒரு முறை கணக்கிட்டுப் பாருங்கள். இந்தப் பேச்சின் உட்பொருள் முழுவதும் அந்த ஒரு கணக்கில் அடங்கியிருக்கிறது.